கொற்கையில் கழித்த ஒரு பகல்

மாப்ள,

இன்று காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். கரி பஸ் ஒன்று கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னால் தொங்குகிற உலையில் ஒருவன் கரியைக் கொட்டி விசிறியைச் சுற்ற, டிரைவர் அவனைத் திட்ட, உள்ளே உட்கார்ந்திருந்த சனம் இரண்டு பேரையும் திட்ட, ஒரே புகை. யுத்தம் வந்ததில் பெட்ரோலுக்கு வந்த கேடு இது. நீ இருந்திருந்தால், "இது என்னடா, வண்டியா அடுப்பா?" என்று கேட்டு அந்த டிரைவரிடம் வம்பு வளர்த்திருப்பாய். அந்த நேரம் பார்த்து ஒரு பட்டாள லாரி உரசிக்கொண்டு போனது. அசல் பெட்ரோல் வாசனை. உன் சட்டையில், உன் தலைமுடியில், நீ கை நனைத்த சோற்றில்கூட அடிக்கிற வாசனை. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி, ஆபீசுக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு எழுத்து தெரியாது. உயிரோடு இருந்தபோது உனக்கு வந்த கடுதாசியெல்லாம் நான்தான் படித்துச் சொன்னேன். செத்துப்போன ஆளுக்குக் கடிதம் எழுதுவது கிறுக்குத்தனம். எழுத்துத் தெரியாமலே செத்துப்போன ஆளுக்கு எழுதுவது அதைவிடப் பெரிய கிறுக்குத்தனம். தெரிந்துதான் எழுதுகிறேன். நீ படிக்க மாட்டாய் என்கிற தைரியத்தில்தான் கை ஓடுகிறது என்றும் வைத்துக்கொள். எட்டு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது. தூத்துக்குடியில் நம் கைக்கு வந்த அந்தக் கார்டைப் பற்றியது. உன் மகள் ராசாத்தியின் கடைசி நாளைப் பற்றியது.

எட்டு வருஷத்துக்கு முந்தி உன் முதலாளி குடும்பத்தோடு காசிக்குக் கிளம்பினார். பிளஷர் காரை உன் கையில் விட்டுவிட்டு, "சும்மா நிறுத்தி வைக்காதே, எங்காச்சும் ஓட்டிக்கிட்டு இரு, ஆனா கீறல் விழக்கூடாது" என்று சொல்லிப் போனார். நீ நேரே கோர்ட்டுக்கு வந்து என் மேசை முன்னால் நின்றாய். அங்கே நான் நாள் முழுக்கத் தலை குனிந்து நகல் எழுதிக்கொண்டிருக்கிற குமாஸ்தா. "கௌம்பு மச்சான். பழைய பட்டணம், பாழடைஞ்ச கோட்டைன்னு எம்புட்டு நாளாப் பொலம்பிக்கிட்டிருக்கே. பத்து நாளு. நீ எங்கன சொல்றியோ அங்கன வண்டிய விடுறேன்" என்றாய். என் வாழ்க்கையில் எனக்கென்று யாரும் அப்படி ஒரு பத்து நாளை எடுத்துக் கொடுத்ததில்லை. அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க உன்னிடம் டயர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

எதையும் தாளில் எழுதிவைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, உனக்குத் தெரியும். எந்த நாளில் எந்த ஊரில் இருப்போம் என்று முழு நீளத்துக்கு ஒரு பட்டியல் போட்டு வண்டியூரில் உன் வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். "தங்கச்சி, ஏதாச்சும் அவசரம்னா அந்தந்த ஊர்த் தபாலாபீசுக்குக் கார்டு போடு. நாங்க போனதும் போய் விசாரிப்போம்" என்றேன். ராசாத்தி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தாள். ஆறு வயசு. கிளம்புகிற நேரத்தில் தங்கச்சி அவளை இறக்கிவிட்டு, "உடம்பு கதகதன்னு இருக்குங்க" என்றாள். "வெயில்ல அம்புட்டு ஆட்டம் போட்டா சுடாம என்ன செய்யும்?" என்று நீ சொன்னாய். நானும் சிரித்தேன்.

மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கிற ஒன்பது கல்லையும் சுற்றி வந்து, கால் சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டியபடி நீ கேட்டாய்: "இந்தக் கல்லப் பாக்கவா இம்புட்டு தூரம் வந்தோம்? எங்க வீட்டுக் கொல்லச் செவருந்தான் இடிஞ்சு கெடக்கு, அதப் பாக்க ஒருநாளாச்சும் வந்திருக்கியா?" பெரியபட்டினத்தில் நான் மண்ணைக் கிளறிப் பீங்கான் சில்லு பொறுக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ பைத்தியம் பிடித்த ஆளைக் கூட்டி வந்திருக்கிறாய் என்று நினைத்து ஒரு ராவுத்தர் உன்னிடம் ரொம்ப அனுதாபமாக விசாரித்தார். "ஆமாங்க, பொறந்ததுலருந்தே இப்படித்தான்" என்று நீயும் முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாய். அவர் நமக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

வேம்பார் தாண்டி மணலில் சக்கரம் புதைந்துவிட்டது. நீ சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பனை ஓலையை வெட்டிப் பரப்பி, என்னைத் தள்ளச் சொல்லி, நான் தள்ளத் தள்ள "குமாஸ்தா கைக்குப் பேனாதான் லாயக்கு" என்று கத்தினாய். ஒரு பகல் முழுக்க அந்தப் பொட்டலில் கிடந்தோம். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் கூட இருந்தால் எங்கே மாட்டிக்கொண்டாலும் எனக்குப் பயம் வந்ததில்லை.

ஆறாம் நாள் தூத்துக்குடி. உப்பளத்து வெளிச்சத்தில் கண் கூசியது. நீ வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, நான் தபாலாபீசுக்குள் போய்க் கேட்டேன். ஒரு கார்டு இருந்தது. உன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வாத்தியாரின் கையெழுத்து. தங்கச்சி சொல்லச் சொல்ல அப்படியே எழுதியிருந்தார். வெளியே வந்து படியில் நின்று உரக்கப் படித்தேன்.

"நம் வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள். ராசாத்தியை விட்டு அகலவில்லை. பிள்ளை உங்களையே தேடுகிறது."

நீ கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டாய். "எங்காத்தாவா? நெசமாவா? இன்னொரு தடவ படி" என்றாய். மறுபடியும் படித்தேன். உன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை, மாப்ள. ராசாத்திக்குக் காது குத்தின அன்று உன் தாய்க்கும் பெண்டாட்டிக்கும் வாய்ச்சண்டை முற்றி, "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டுத் திருவாதவூருக்குப் போனவள், மூன்று வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. நீ நடுவில் மாட்டிக்கொண்டு நாயாக அலைந்தாய். அப்படிப்பட்டவள் தானாக வந்திருக்கிறாள், பேத்தியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள் என்றால் நீ வேறென்ன நினைப்பாய்? நான்தான் வேறென்ன நினைப்பேன்? உன் வாயில் ஆத்தா என்றால் அவள் ஒருத்திதானே.

"அப்ப நாம இப்பப் போகக்கூடாது மச்சான். நான் நடுவுல போய் நின்னா மறுபடியும் ஆரம்பிச்சிருவாளுக. ரெண்டு பேரும் ஒட்டட்டும். கூட ரெண்டு நாளு இருந்துட்டே போவோம்" என்றாய். ஹோட்டலில் எனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தாய்.

இதுவரைக்கும் நடந்தது தப்பு. எவனுக்கும் வரக்கூடிய தப்பு. இதற்காக நான் இத்தனை காகிதத்தை வீணாக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் கொற்கைக்குப் போனோம். நான் போட்ட பட்டியலிலேயே அந்த ஊருக்குத்தான் கீழே கோடு போட்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பேர் மேல் ஒரு வெறி. பாண்டியன் துறைமுகம், முத்துக் குளித்த ஊர், உலகத்துக் கப்பலெல்லாம் வந்து நின்ற இடம். இப்போது கடல் நாலைந்து மைல் தள்ளிப் போய்விட்டது. வாழைத் தோட்டம், வயல், ஒரு கிழட்டு வன்னி மரம், குளம். நீ வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு முகம் கழுவப் போனாய். நான் சீட்டில் உட்கார்ந்து பையில் பென்சிலைத் துழாவினேன். கார்டு கையோடு வந்தது.

கார்டின் ஓரத்தில், இடமில்லாமல் நெடுக்காக ஒரு வரி எழுதியிருந்தது. அதன் மேலேயே தபால் முத்திரை விழுந்து மை அப்பியிருந்ததால் முந்தின நாள் அதை நான் கவனிக்கவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தேன்.

"முத்து நெருக்கமாகப் போட்டிருக்கிறது. இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை. சீக்கிரம் வரவும்."

ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தால் எவளாவது தண்ணீர் ஊற்றுகிற கணக்கைப் பேசுவாளா? எந்த ஆத்தா வந்திருக்கிறாள் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அம்மை என்று வாய்விட்டுச் சொன்னால் அம்மனுக்குக் கோபம் வரும் என்று நம் வீடுகளில் யாரும் பேர் சொல்வதில்லை. வந்திருக்கிறாள் என்பார்கள், விளையாடுகிறாள் என்பார்கள், முத்துப் போட்டிருக்கிறாள் என்பார்கள், இறங்கின பிறகுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். எனக்குத் தெரியாத பாஷையா அது? கொத்தின அம்மி என்று நீ கேலி செய்கிற என் முகத்தில் இருப்பதெல்லாம் அவள் போட்டதுதானே.

அப்போது மணி பத்து இருக்கும். உடனே வண்டியைத் திருப்பியிருந்தால் நீ விரட்டின விரட்டில் நாலு நாலரைக்கு வண்டியூர் போய்ச் சேர்ந்திருப்போம்.

நான் திருப்பச் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்காதே. கேள், கேட்கத்தான் வேண்டும். சொல்கிறேன். எனக்குக் கொற்கையைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். பெரிய காரணம் எதுவும் இல்லை. எனக்கு அம்மை வந்து நான் சாகவில்லையே என்று நினைத்தேன். அம்மை கண்ட பிள்ளை எல்லாமா செத்துப்போகிறது, வேப்பிலை போட்டு இளநீர் கொடுத்தால் இறங்கிப் போகும், நாம் போய் மட்டும் என்ன செய்யப் போகிறோம் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கினேன். கோர்ட்டில் இருந்து பழகின புத்தி. இனி ஒருக்காலும் இந்த ஊருக்கு வரப் போவதில்லை, ஒரே ஒரு பகல்தானே என்று நினைத்தேன். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் கார்டை நாலாகக் கிழித்து வாழைத் தோட்டத்து வாய்க்காலில் போட்டேன். நீ வேறு யாரிடமாவது கொடுத்து இன்னொரு தடவை படிக்கச் சொல்லிவிடுவாயோ என்கிற பயம். அந்தப் பயம் வந்தபோதே நான் செய்வது என்னவென்று எனக்குத் தெரிந்திருக்கிறது, பார்.

அன்று நான் ஒன்றையும் பார்க்கவில்லை, மாப்ள. பார்த்தேன், ஆனால் கண்ணில் நிற்கவில்லை. நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒரு கல்லில் இருந்த எழுத்தைப் பெயர்த்து எழுதினேன். பிற்பாடு எடுத்துப் பார்த்தால் ஒரே வரியை மூன்று தடவை எழுதியிருக்கிறேன். நீதான் உற்சாகமாக இருந்தாய். வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைத் தோண்டிச் சிப்பி பொறுக்கினாய். "முத்து இருக்கோ இல்லியோ, ராசாத்திக்கு விளையாட ஆகும்" என்று துண்டில் முடிந்துகொண்டாய்.

குளத்துக்குள் ஓர் அம்மன் கோயில் இருந்தது. நீ சாமி கும்பிடுகிற ஆளே இல்லை. அன்று உள்ளே இறங்கிப் போய், சட்டையைக் கழற்றிவிட்டு, நெடுஞ்சாண் கிடையாக விழுந்தாய். எழுந்து கைகூப்பிக்கொண்டு சத்தமாகவே பேசினாய். "தாயி, எங்காத்தாளையும் எம் பொண்டாட்டியையும் சேத்து வச்சிட்ட. மூணு வருசமா என்னால ஆகல, நீ செஞ்சிட்ட. ஒனக்குக் கோடிப் புண்ணியம்." பூசாரி திருநீறு கொடுத்தார். நீ எனக்கும் பூசிவிட்டாய். நான் உன் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரம் வாயைத் திறந்திருந்தால்கூட நாலரை இல்லாவிட்டாலும் ஆறு மணிக்குள் போயிருக்கலாம். நான் திறக்கவில்லை. நான் ஒரு நாய்.

அன்று திருச்செந்தூரில் தங்கினோம். விடிந்ததும் நீ கடலில் முங்கி எழுந்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "அடுத்த தடவ ராசாத்தியக் கூட்டியாரணும் மச்சான், அவ கடலப் பாத்ததே இல்ல" என்றாய். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அப்போதும் உண்மையைச் சொன்னேனா? எப்போ தெரிஞ்சது என்று கேட்பாய், கார்டைக் காட்டு என்பாய். அதனால், "வயித்துவலி உசிர் போகுது, ஊருக்குத் திரும்பிருவோம்" என்றேன். நீ பதறிவிட்டாய். வழியெல்லாம் பள்ளம் வந்தால் வண்டியைத் தடவிக்கொடுப்பது போல மெதுவாக இறக்கி ஓட்டினாய். கோவில்பட்டியில் நிறுத்தி ஓமத்தண்ணீர் வாங்கிவந்து என் தலையைத் தாங்கிக் குடிக்கவைத்தாய். எனக்காக மெதுவாகப் போனாய். வேகமாகப் போ என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

வண்டியூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் வேப்பிலை காய்ந்து தொங்கியது. ராசாத்தி முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்விட்டாள். அம்மை கண்டு போன பிள்ளையை வைத்திருக்கக் கூடாது என்று காலையிலேயே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். நாலு மணிக்கெல்லாம் நன்றாகப் பேசிக்கொண்டுதான் இருந்தாளாம். ஹாரன் சத்தம் கேட்குதா பாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். தெருவில் யார் வண்டி போனாலும் தங்கச்சி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

தங்கச்சி அழவில்லை. நிலையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே, "கார்டு போட்டனே, வரலையா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய். "வந்துச்சு. நாந்தான் எங்காத்தா வந்திருக்கான்னு நெனச்சுட்டேன்." என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படித்தது நான் என்று ஒரு வார்த்தை வரவில்லை உன் வாயிலிருந்து. உன் துண்டில் முடிந்திருந்த சிப்பி கலகலவென்று சத்தம் போட்டது. நீ அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய்.

பொழுது சாயத் திருவாதவூரிலிருந்து உன் ஆத்தா வந்தாள். நிஜமாகவே வந்தாள். தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்து தங்கச்சியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அன்று ஒட்டியவர்கள்தான், கிழவி சாகிறவரை பிரியவில்லை.

அதற்குப் பிறகு தங்கச்சி உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், கேட்டால் பதில் சொல்வாள். அவ்வளவுதான். நீ எல்லாவற்றையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாய். ஒருநாள் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலெழுத்து தெரிஞ்சிருந்தா நானே படிச்சிருப்பேன் மச்சான். ஒன்ன வேற இதுல இழுத்து விட்டுட்டேன். மனசுல வச்சுக்காத" என்றாய். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய்! "அந்தக் கார்டு இருக்கா? எங்கன தப்பு விட்டோம்னு இன்னொருக்காப் பாப்போமா?" என்று கேட்டாய். எங்கேயோ தொலைந்துவிட்டது என்றேன். "நல்லதாப் போச்சு, விடு" என்றாய்.

போன வருஷம் நெஞ்சில் சளி கட்டி நீ பெரியாஸ்பத்திரியில் கிடந்தாய். பதினோரு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தினமும் சொல்லிவிடலாம் என்றுதான் போவேன். உனக்கு மூச்சு இரைக்கும். இந்த நிலையில் எப்படிச் சொல்வது என்று திரும்பி வருவேன். பொய் சொல்லாதே என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன். உனக்கு மூச்சு நன்றாக இருந்த ஏழு வருஷத்திலும் நான் சொல்லவில்லையே.

சென்ற வாரம் உன் தலைத்தெவசம், நீ போய் ஒரு வருஷம். தங்கச்சி ஆள் விட்டு அழைத்திருந்தாள். சாமி கும்பிட்டு, காக்காய்க்கு வைத்து, வந்தவர்களெல்லாம் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். நான்தான் கடைசிப் பந்தி. தங்கச்சி பரிமாறினாள். தலை நரைத்துவிட்டது அவளுக்கு. குழம்பை ஊற்றிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக ஆரம்பித்தாள்.

"அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நீங்கதான் படிச்சுச் சொல்லியிருப்பீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ண்ணே. ஒங்கள விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு, தானே படிச்ச மாதிரி நின்னாரு பாருங்க, அதுதான் எனக்கு ஆறல. பெத்த பிள்ள விசயத்துலகூட எங்கிட்ட நெசத்தச் சொல்லலயேன்னுதான் அம்புட்டு வருசமும் பேசாம இருந்துட்டேன். பேசியிருக்கலாம். இப்ப நெனச்சு என்ன செய்ய?"

பிசைந்த சோறு இலையிலேயே கிடந்தது.

"ஒங்க மேல எனக்குக் கோவமில்லண்ணே" என்றாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "தெரியாமத்தான?"

கேட்டாளா, ஆறுதலாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எட்டு வருஷமாகத் தேடின வாசல் அதுதான். அவளாகவே திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். உன் படத்துக்குப் போட்டிருந்த மாலை, எரிந்துகொண்டிருந்த விளக்கு, எல்லாம் எதிரே இருந்தன.

"ஆமா தங்கச்சி" என்றேன்.

"சாப்பிடுங்க" என்று இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள்.

உனக்குச் சொல்லிவிட்டேன், மாப்ள. நீ படிக்க மாட்டாய், அதனால் சொல்லிவிட்டேன். நாளைக்கே அவள் மறுபடியும் கேட்டாலும் நான் ஆமா என்றுதான் சொல்வேன்.